லிஸ்பனில் ஒரு பொத்தான்

என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த விடுதிப் பையன் குழம்பிப் போனான். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பர்னாந்து என்று இருந்தது. போர்ச்சுகலில் அது பிள்ளைக்கு வைக்கிற பெயர். குடும்பப் பெயரென்றால் பெர்னாந்திஷ் என்று முடியவேண்டும். பெயரை இடம் மாற்றி அச்சடித்துவிட்டார்களா என்று பணிவாகத்தான் கேட்டான்.

“இல்லை தம்பி, எங்கள் ஊரில் தெருவுக்கு நாற்பது பேர் பர்னாந்து” என்றேன்.

எந்த ஊர் என்றான். தூத்துக்குடி என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அவனுடைய முன்னோர்கள் எங்கள் கரையில் இறங்கி ஐந்நூறு வருஷம் ஆகப் போகிறது. கொடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள், வாங்கியவன்தான் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறான். முத்துக்குளித்துறையின் பரதவர்கள், கடலில் எதிரிகளின் நெருக்குதல் தாங்காமல், 1536-37 வாக்கில் போர்ச்சுகீசியர் துணையை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது ஞானத்தந்தையாக நின்ற மாலுமிகள், சிப்பாய்களின் பெயர்களே எங்களுக்கு ஒட்டிக்கொண்டன என்று ஊரில் சொல்வார்கள். அந்த அவசரத்தில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

நாங்கள் கிளம்பியது ஃபாத்திமா மாதா கோவிலுக்கு. அது என் மனைவியின் பல வருஷ நேர்ச்சை. நடுவில் லிஸ்பனில் ஒரு நாள் சும்மா விட்டிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் இந்த யாத்திரைக்கே பணம் கட்டினேன் என்பதை அவளிடம் விமானம் ஏறிய பிறகுதான் சொன்னேன். எனக்கு இந்த ஊரில் ஒரு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 1554ல் லிஸ்பனில் ஜெர்மாவ் கல்யார்த் என்பவர் அச்சடித்தது. போர்ச்சுகீசியமும் தமிழும் சேர்ந்த சின்ன ஜெபப் புத்தகம்; ‘கார்த்தீல்யா’ என்று அழைப்பார்கள். இந்திய மொழி ஒன்று அச்சேறிய முதல் புத்தகம் அது. தமிழ் அதில் தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில் இருக்கிறது. அதற்கு உழைத்தவர்களாக மூன்று இந்தியர்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யு, தோமா த குரூஸ். கடைசிப் பெயரைக் கேட்டாலே எங்கள் ஊரில் யாராவது, “எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடி அலைந்து எழுதிய தனிநாயகம் அடிகளைப் பற்றிப் பேசும்போது, எங்கள் தமிழாசிரியர் இந்தப் புத்தகத்தைச் சொன்னார். பத்தாம் வகுப்பில் கேட்டது. பார்க்கக் கிளம்ப நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

காலையில் மார்த்தீம் மொனீஸ் சதுக்கத்தில் 28ஆம் எண் டிராமுக்கு வரிசையில் நின்றோம். மஞ்சள் நிறம், ஒற்றைப் பெட்டி, உள்ளே மரப் பலகை இருக்கைகள். 1930களில் செய்த வண்டிகளைப் பின்னால் பழுது பார்த்து இன்னும் ஓட்டுகிறார்கள். புதிய நீள டிராம்கள் இந்தச் சந்துகளில் திரும்ப முடியாது என்பதுதான் காரணம். பழமை மேல் உள்ள பாசம் அப்புறம்தான். கிராசா மேட்டில் ஏறி, அல்ஃபாமாவின் இடுக்குகளில் வண்டி இறங்கும்போது, வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு ஒரு முழம் தூரத்தில் ஓடுகிறது. கை நீட்டினால் யாரோ ஒருவரின் கொடியில் காயும் துண்டைத் தொடலாம். ஒரு கிழவி கதவைத் திறந்தவள், டிராம் போகட்டும் என்று வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். தினமும் இப்படி எத்தனை முறை நிற்பாளோ.

இந்த டிராம் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது என்று நாலு பேர் எச்சரித்திருந்தார்கள். அதனால் என் மனைவி வழிநெடுக என் கோட்டின் முன்பக்கத்தைக் கையால் இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். பேராலயத்தைத் தாண்டி ஒரு திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது பிடித்த பிடியில் நடுப் பொத்தான் தெறித்துக் கூட்டத்துக்குள் விழுந்தது.

“ஏங்க, பர்ஸ் இருக்கா பாருங்க.”

இருந்தது.

“அப்புறம் என்ன? பொத்தான்தான போச்சு.”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டோம். தெருப் பெயரைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். கொன்செய்சாவ் தெரு. மாதாவின் அமல உற்பவத்தைக் குறிக்கும் சொல். என் பெரியம்மா பெயர் அமலோற்பவம். பெரியம்மா தெருவில் இறங்கியதற்குப் பலன் உடனே கிடைத்தது. அந்தத் தெரு முழுக்கத் தையல் சாமான் கடைகள். ஊசி, நூல், லேஸ், ரிப்பன், பொத்தான். கதவு அகலத்துக்குத்தான் கடை. உள்ளே கூரை வரைக்கும் மர இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள்.

கல்லாவில் இருந்த பெரியவருக்கு ஆங்கிலம் வரவில்லை. என் மனைவிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கோட்டைக் கழற்றி மேசையில் போட்டு, நூல் தொங்கும் இடத்தைக் காட்டி, “பொத்தான்” என்றாள் தெளிவாக.

“புத்தாவ்” என்று தலையாட்டினார் அவர். மூக்கால் முடிகிற ஒலி. அவ்வளவுதான் வித்தியாசம். மறுபேச்சில்லாமல் இழுப்பறைகளைத் திறக்க ஆரம்பித்தார்.

ஐந்நூறு வருஷத்துக் கொடுக்கல் வாங்கலை நிரூபிக்க இதைவிடச் சின்னதாக ஒரு சாட்சி கிடைக்காது. பிறகு அவர் கோட்டின் மறுபக்கத்தை எடுத்து, பொத்தான் நுழையும் துளையைச் சுண்டுவிரலால் தொட்டு, “காஸா” என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியும். வீடு என்று பொருள். வீடு எங்கே என்று கேட்கிறாராக்கும் என்று, “இந்தியா” என்றேன். அவர் மறுபடி துளையைத் தொட்டு, “காஸா, காஸா” என்றார். என் மனைவிதான் முதலில் பிடித்தாள். “காஜாங்க! காஜா அளவு பாக்கணும்னு சொல்றாரு.”

தையல் கடையில் காஜா எடுக்கிற பையனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பொத்தானுக்கு ஒரு வீடு. இங்கே அதற்கு அதுதான் பெயர்.

பெரியவர் துளையை அளந்து ஒரு பொத்தானை எடுத்து வைத்தார். என் மனைவிக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்த, ஓரத்தில் வரி போட்ட பழுப்புப் பொத்தான் பிடித்துப் போனது. அவர் தலையை அசைத்து இரண்டு விரலுக்கு நடுவே இடைவெளி காட்டினார். இவளும் தலையை அசைத்தாள். பேரத்தில் எங்கள் ஊர் பெண்களை ஜெயிக்க முடியாது. வரி போட்டதையே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்த பிறகு தெருப் பலகைகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. சாவி செய்யும் கடை ஒன்றில் சாவிக்கான அவர்கள் சொல் எழுதியிருந்தது. எழுத்தைப் பார்த்தால் நம் சொல்தான். ஆனால் இன்றைய லிஸ்பன்காரர் அதை ‘ஷாவ்’ என்கிறார். 16ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்துக்கு ‘ச்ச’ என்ற அழுத்தமான ஒலி இருந்தது. பின்னால் தலைநகரில் அது ‘ஷ’வாகக் குழைந்துவிட்டது. அவர்கள் விட்டுவிட்ட உச்சரிப்பை, வீட்டைப் பூட்டும்போதெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீடு வாடகைக்கு என்ற விளம்பரத்தில் ஜன்னல், குளியலறைப் பொருள் கடையில் துவாலை, பழைய சாமான் கடையில் அலமாரி, மேசை, ஏலம். செருப்பு தைப்பவர்கள் பெயரால் ஒரு தெருவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் சப்பாத்து என்று சொல்வார்களே, அந்தச் சொல்லின் தெரு. இந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். எதுவும் தத்துவமோ கவிதையோ இல்லை. எல்லாம் தட்டுமுட்டுச் சாமான். தச்சனும் தையல்காரனும் சமையல்காரியும் வாங்கிக்கொண்ட சொற்கள்.

கொன்செய்சாவ் தெரு இருக்கும் பகுதிக்குப் பைஷா என்று பெயர், தாழ்வான இடம். மேடும் பள்ளமுமாகச் சுருண்டு கிடக்கும் லிஸ்பனில் இங்கே மட்டும் தெருக்கள் கோடு போட்டது போல நேராக ஓடுகின்றன. அழகுக்காகப் போட்ட கோடு அல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதே முக்கால் வாக்கில், கோவில்கள் எல்லாம் நிரம்பியிருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. கூரைகள் விழுந்தன. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளில் இருந்து தீ பிடித்தது. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தேஜோ ஆறு உள்வாங்கி, தரை தெரிந்தது. பிறகு அலை வந்தது. 2004 டிசம்பர் மாதத்தைப் பார்த்த கடற்கரைக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தீ பல நாள் எரிந்தது. ஆற்றங்கரையில் இருந்த அரண்மனையும், எழுபதாயிரம் நூல்கள் இருந்ததாகச் சொல்லப்படும் அரசரின் நூலகமும், கீழ்த்திசை வணிகத்தை நடத்திய இந்திய அலுவலகமும் போயின. நம்மைப் பற்றி அங்கே எழுதி வைத்தது எவ்வளவு போயிற்றோ.

மிஞ்சிய ஊரை நிமிர்த்தியவர் பின்னால் பொம்பால் பிரபு ஆன அமைச்சர் செபாஸ்தியாவ் கார்வால்யு. ஆள் கொடுமைக்காரர், ஆனால் காரியக்காரர். புதிய வீடுகளின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த கூண்டு ஒன்றை வைக்கச் சொன்னார். அதிர்ச்சி வந்தால் கூண்டு ஆடிக்கொடுக்கும், உடையாது. மாதிரி ஒன்றைக் கட்டி அதைச் சுற்றிப் படைவீரர்களைத் தட்டி நடக்கவிட்டுச் சோதித்தார்களாம். நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டிய கட்டடங்கள் ஐரோப்பாவில் அதுவே முதல் என்பார்கள். அரசர் ஜோசே மட்டும் அதை நம்பவில்லை. கல் கூரைக்குக் கீழே படுக்கப் பயந்து, மேட்டில் மரத்தால் கட்டிய கொட்டகை அரண்மனையில் இருந்துகொண்டார். அவர் சிலை, குதிரை மேல் கம்பீரமாக, ஆற்றங்கரைச் சதுக்கத்தில் நிற்கிறது. சிலைக்கு எதுவும் தலையில் விழும் பயம் இல்லை.

இடிந்ததை இடிந்தபடியே விட்டுவைத்த இடம் ஒன்று உண்டு. கார்மோ மடாலயம். 1902ல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்ட் கீழ்த்தெருவிலிருந்து 45 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி அதன் அருகே விடும். அங்கே வரிசை அரைத் தெருவுக்கு நின்றது. நடந்தே ஏறினோம். லிஸ்பன் நடைபாதை முழுக்க வெள்ளையும் கருப்புமான சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்து அலையும் பூவுமாக அமைத்தது. பார்க்க அழகு, தேய்ந்து தேய்ந்து பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி வழுக்குகிறது. செருப்பைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த தவறைப் பற்றி மேலே என் மனைவி விரிவாகப் பேசினாள்.

கார்மோவின் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தூண்கள் இருக்கின்றன. தூணுக்குத் தூண் தாவும் கூர்வளைவுகள் இருக்கின்றன. அவை தாங்கிய கூரை இல்லை. அந்த இடத்தில் அக்டோபர் மாத வானம். தரையில் புல். விழுந்த மீன் ஒன்றின் முள்ளெலும்புக்குள் நிற்பதுபோல இருந்தது. திரும்பக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டார்களாம். விட்டதே நல்லது. பூசை நடக்கும் கோவிலை விட, பூசை நின்றுபோன இந்த இடத்தில்தான் அன்றைக்கு என் மனைவி நீண்ட நேரம் முழந்தாளிட்டாள்.

அங்கிருந்து இறங்கி ரோசியோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவ் தொமிங்கோஸ் கோவில். வழிகாட்டிப் புத்தகங்களில் நாலு வரிக்கு மேல் இருக்காது. 1959ல் உள்ளே தீப்பற்றி எரிந்தது. தூண்கள் வெடித்துச் சிதிலமாகி, கரி படிந்து நிற்கின்றன. மேலே புதுக் கூரை போட்டுச் சுவருக்குச் செம்மண் நிறம் அடித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். வெந்த கல்லின் மணம் இன்னும் இருக்கிறதோ என்று எனக்குப் பிரமை. ஆனால் நான் வந்தது தீயைப் பார்க்க அல்ல. வாசலுக்கு எதிரே தாவீதின் நட்சத்திரம் பொறித்த ஒரு கல் நிற்கிறது. 1506 ஏப்ரலில் இந்தக் கோவிலில் சிலுவையிலிருந்து அதிசய ஒளி வருவதாகக் கூட்டம் பரவசப்பட்டபோது, அது வெறும் பிரதிபலிப்பு என்று ஒருவர் சொன்னார். அவர் யூதராயிருந்து மதம் மாற்றப்பட்டவர். அவரை அடித்துக் கொன்ற கூட்டம் அத்தோடு நிற்கவில்லை. மூன்று நாள் ஊரெல்லாம் ‘புதுக் கிறிஸ்தவர்’களைத் தேடித்தேடிக் கொன்றது.

இந்தக் கல்லுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. தமிழ் அச்சுக்குத் தந்தை என்று நாம் கொண்டாடும் அண்டிரிக் அடிகளார், அதாவது என்ரிக்கே என்ரிக்கஸ், அந்தப் புதுக் கிறிஸ்தவ மரபில் பிறந்தவர். யூத வழி என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவருக்கு இடம் இல்லாமல் போனது. சேசு சபை ஏற்றுக்கொண்டு இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் முத்துக்குளித்துறையில் தன் வாழ்நாளையே கழித்து, எங்கள் மீனவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு இலக்கணம் எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது அவர் கையால்தான். புன்னைக்காயலில் 1600ல் இறந்தார். சொந்த நாட்டில் ரத்தம் சுத்தமில்லை என்று சொல்லப்பட்ட ஆளுக்கு எங்கள் கரையில் வேலை இருந்தது. இதில் நான் பெருமைப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. அதே திருச்சபையும் அதே அரசும் 1560ல் கோவாவில் விசாரணை மன்றத்தை நிறுவியவை.

மத்தியானம் பின்தெருவில் ஒரு சின்ன உணவுக் கடை. என் மனைவிக்கு முந்திய நாளிலிருந்தே வயிறு சரியில்லை. சாப்பாட்டுப் பட்டியலில் ‘கான்ஜா’ என்று பார்த்ததும் கேள்வி கேட்காமல் கையைக் காட்டினேன். குழையக் குழைய வெந்த அரிசி, பிய்த்துப் போட்ட கோழி, மேலே ஒரு கீற்று எலுமிச்சை. வயிறு சரியில்லாத போர்ச்சுகீசியருக்கும் இதைத்தான் கொடுப்பார்களாம். முதல் கரண்டியில் அவள் முகம் தெளிந்தது. “கஞ்சிதான?” என்றாள். கஞ்சியேதான். பெயரோடு கப்பலேறிப் போனது. அந்தப் பக்கமும் சரக்கு போயிருக்கிறது: மாங்காய் அங்கே மங்கா, கறி அங்கே கரீல், வெற்றிலையும் தேக்கும் கொப்பரையும் கட்டுமரமும் கொஞ்சம் வாய் கோணிய வடிவில் அவர்கள் அகராதியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒதுக்கப்பட்டவனைக் குறிக்க உலக மொழிகள் எல்லாம் இன்று பயன்படுத்தும் ஒரு சொல்லும் நம் சாதிப்பெயர் ஒன்றிலிருந்து போனதுதான். நாம் அனுப்பியதில் வெட்கப்பட வேண்டியது அந்த ஒன்று. அதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நம் கரையில் இறங்கிக் கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டார்கள்.

பெலேமுக்கு 15ஆம் எண் டிராம். ஆற்றை ஒட்டியே போகும். இங்கிருந்துதான் 1497 ஜூலையில் வாஸ்கோ த காமா கிளம்பினார். 1541ல் பிரான்சிஸ் சவேரியார் கிளம்பியதும் இதே ஆற்றில்தான். மறு வருஷம் எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தார். ஜெரோனிமோஸ் மடாலயம் 1501ல் கட்ட ஆரம்பித்தது. செலவுக்கு ஆப்பிரிக்க, கீழ்த்திசை வணிகத்தில் இருபதில் ஒரு பங்கு வரி. பச்சையாகச் சொன்னால் மிளகுப் பணம். வெயிலில் பொன்னாகத் தெரியும் சுண்ணாம்புக் கல்லில் கயிறு, முடிச்சு, கடற்பாசி, பவழம் என்று கடலையே இழைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே தூண்கள் தென்னை மாதிரி ஒல்லியாக ஏறி, உச்சியில் மட்டை விரிக்கின்றன. இவ்வளவு பெரிய கூரை இவ்வளவு மெல்லிய கால்களில் எப்படி நிற்கிறது என்று கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். 1755ல் கூட இது பெரும்பாலும் நின்றுவிட்டது.

நுழைந்ததும் ஒரு பக்கம் காமாவின் கல்லறை, மறுபக்கம் அவர் பயணத்தைப் பாடிய கவிஞர் கமோயிஷின் கல்லறை. காமா 1524ல் கொச்சியில் இறந்தவர்; எலும்பைப் பிறகு கொண்டுவந்தார்கள். கூட்டம் அவரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த கப்பலை 1502ல் ஆட்களோடு கொளுத்தியவர் என்பது அந்தப் பளிங்கில் எங்கும் இல்லை. கை கூப்பிப் படுத்திருக்கிறார். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. என்னை நிறுத்தியவை பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்த யானைகள். மனுவேல் அரசர் உள்ளிட்டவர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் முதுகில் தாங்குகின்றன. மனுவேல் நிஜ யானைகளையே லிஸ்பனில் வைத்திருந்தவர். ஒன்றை 1514ல் போப்பாண்டவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். இரண்டு வருஷத்தில் ரோமில் செத்துப்போனது. அடுத்து, குஜராத் சுல்தானிடமிருந்து வந்த காண்டாமிருகத்தை அனுப்பினார். அது போகும் வழியில் கப்பலோடு மூழ்கியது. ஊர் விட்டு ஊர் வந்து, வேறு யாருக்கோ கைமாறி, அந்நிய மண்ணிலும் தண்ணீரிலும் போன உயிர்கள். இந்தக் கல் யானைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நானூற்றைம்பது வருஷமாக ராஜாவைச் சுமந்துகொண்டு நிற்கின்றன.

பிறகு என் புத்தகம். அதன் பிரதி பெலேமில் உள்ள ஒரு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருப்பதாகத்தான் படித்திருந்தேன். போய்ப் பார்த்தால் வாசலில் தடுப்பு. திருப்பணி நடக்கிறது, திறக்க நாளாகும் என்றார் காவலுக்கு நின்றவர். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இணையத்தில் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பது வருஷமாகப் பார்க்க நினைத்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். “திறந்திருந்தா மட்டும் அத வெளிய வச்சிருப்பாங்களா? பூட்டித்தான் வச்சிருப்பாங்க.”

“இருக்கலாம்.”

“அதுல என்ன எழுதிருக்கும்?”

விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், கட்டளைகள் மாதிரி ஜெபங்கள்தான் என்றேன்.

“அதத்தான் தெனமும் சொல்றோமே” என்று எழுந்துவிட்டாள். “பசிக்குது. அந்தக் கடைக்குப் போவோம்.”

அந்தக் கடை என்றால் நீலத் திரைச்சீலை கட்டிய பெலேம் பலகாரக் கடை. 1834ல் போர்ச்சுகலில் துறவியர் மடங்களை மூடினார்கள். வருமானம் போன மடத்துக்காரர்களின் செய்முறை கைமாறி, 1837 முதல் இங்கே விற்பனை. செய்முறை இன்னும் ரகசியமாம். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் போல நொறுங்கும் மாவு. உள்ளே மஞ்சள் கருவும் பாலும் சர்க்கரையும் திரண்டு, மேலே அங்கங்கே கருகியிருக்கும். மேசையில் இருக்கும் பட்டைப் பொடியைத் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். அந்தப் பட்டைக்காகத்தான் இலங்கைக் கரையில் ஒன்றரை நூற்றாண்டு கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்று தின்றேன்.

போர்ச்சுகலின் மடத்துப் பலகாரங்கள் எல்லாமே மஞ்சள் கருவில் நீந்துகின்றன. கன்னியர்கள் உடைக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளையை எடுத்துக்கொள்வார்கள், மிச்சமான மஞ்சளில் பலகாரம் பிறந்தது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் தூத்துக்குடி மக்ரூன்? அது முழுக்க வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும். முந்திரியும் இவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நம் கரையில் நட்டதுதான். மக்ரூனும் போர்ச்சுகீசியர் வழி வந்தது என்று ஊரில் பேச்சு. ஒரே முட்டையை உடைத்து மஞ்சளை இவர்களும் வெள்ளையை நாங்களும் பங்கு போட்டுக்கொண்டதாக நான் ஒரு கோட்பாட்டை விரித்தேன். “மஞ்சக்கருவ நாம என்ன செஞ்சோம்?” என்று கேட்டாள். பதில் இல்லை.

கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம் என்று ஆற்றோரம் ஒன்று நிற்கிறது. 52 மீட்டர் உயரக் கப்பல் முகப்பு, அதன் மேல் வரிசையாகக் கல் வீரர்கள். சலாசாரின் சர்வாதிகார காலத்தில், 1960ல் கட்டியது. அந்தக் காலத்துக்கே உரிய விறைப்பு. தரையில் உலகப் படம் பதித்து, இவர்கள் எந்த வருஷம் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று குறித்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு இரண்டே தாவலில் வந்தான். பெலேம் கோபுரத்தைத் தூரத்தில் இருந்தே பார்த்தோம். கால் ஒத்துழைக்கவில்லை. அதில் அந்த மூழ்கிப்போன காண்டாமிருகத்தின் தலையைச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்தும் போகவில்லை. இரவு அல்ஃபாமாவில் ஃபாடோ பாட்டுக் கேட்கும் திட்டமும் அப்படியே கழிந்தது.

விடுதிக்குத் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அதே பையன். சாவிக்குக் கை நீட்டி, வேண்டுமென்றே, “சாவி” என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். “என் பாட்டி இப்படித்தான் சொல்வாள்” என்றான். “அவள் வடக்கே மலைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.”

அறையில் என் மனைவி ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசி நூலால் பொத்தானைத் தைத்தாள். பல்லால் நூலைக் கடித்தாள். காலையில் ஃபாத்திமாவுக்கு ஆறு மணிக்கு வண்டி. கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பொத்தான் அழகாகத்தான் இருந்தது. காஜாவில் வைத்து அழுத்தினேன். பாதி போய் நின்றது. திருப்பி, சாய்த்து, மறுபடி அழுத்தினேன்.

“அந்தப் பெரியவர் அளந்துதானே எடுத்து வைத்தார்?”

“காஜாவக் கொஞ்சம் பெருசாக்கிக்கலாம்” என்றாள், கத்தரியைத் தேடிக்கொண்டே.